இருபது மூச்சு

அக்டோபர் 16, வியாழன்

கப்பல். என்னுடையது. முன் வலது கால் நொண்டல். வலி ஊசி, இடது கழுத்து. குதிரை தலையை ஆட்டிவிட்டது, பாதி மருந்து வெளியே. மீதி வலது கழுத்தில் போட்டேன். அங்கேயும் குதிரை தலையை ஆட்டிவிட்டது.

இது ஊசி நோட்டு. கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் நாற்பது குதிரைகளுக்கும் ஊசி போடுகிறவன் நான்தான். இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிறேன். கால்நடை ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரே ஒரு டாக்டரம்மா. மலை முழுக்க இருக்கும் மாடு ஆடுகளுக்கே அவருக்கு நேரம் போதாது. அதனால் சின்ன வைத்தியத்தை எங்களுக்குள்ளேயே பார்த்துக்கொள்வது வழக்கம். எந்தக் குதிரை, யாருடையது, என்ன மருந்து, கழுத்தில் எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதி வைப்பேன். கை ஓயாவிட்டால் மனசில் பட்டதையும் எழுதுவேன். படிக்கப்போகிறவர் யாரும் இல்லை.

இன்று காலை குளிர் அதிகம். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் கப்பலின் கால் சரியாக வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது. இந்த மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால்தான் மருந்து, வெளியே சிந்தினால் சதையை வேகவைத்துவிடும். எனக்குத் தெரியாததா? உப்பு ஒத்தடம் கொடுத்தேன்.

ஷாகுல் பார்த்துவிட்டு என்ன அண்ணே என்று கேட்டான். பக்கத்துக் கொட்டடிக்காரன், பதினைந்து வருஷப் பழக்கம். தேனீ கொட்டிவிட்டது என்றேன். ரெண்டு பக்கமும் பார்த்துக் கொட்டியிருக்கே என்றான். தேனீயிடம் போய்க் கேள் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அக்டோபர் 21, செவ்வாய்

வீக்கம் வடிந்துவிட்டது. காலும் தேறிவிட்டது. நான்கு நாளாக ஏரிக்கரையில் நிற்க இடமில்லை.

சென்னைக்காரர் ஒருவர் ஏன் கப்பல் என்று பேர் வைத்தீர்கள் என்றார். ஏறிப் பாருங்கள், அலையில் போகிற மாதிரி ஆடி ஆடிப் போவான் என்றேன். அரைச் சுற்று போனதும் இறக்கிவிடச் சொன்னார், வாந்தி வருகிறதாம். பேருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நடக்கும்போதுதான் இவன் ஆடுவான். நின்றால் சிலை. கைக்குழந்தையைத் தூக்கி மேலே வைத்தாலும் காது அசையாது.

டீக்கடையில் டம்ளரைத் தளும்பத் தளும்பத் தருகிறார்கள், தூக்கினாலே சிந்துகிறது. இனி அரை டம்ளர் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனோம். நான்கு தீக்குச்சி வீணாயிற்று. காற்று. என் மனைவி பிலோமி வாங்கி ஒரே குச்சியில் ஏற்றினாள்.

மத்தியானம் மேட்டுச் சாலையில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனபோது கப்பலிடமிருந்து ஒரு சத்தம். மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும், ரம்பம் மரத்தில் இறங்குகிற மாதிரி. வெளியே விடும்போது ஒன்றும் இல்லை. அந்தப் பெண், குதிரைக்கு ஆஸ்துமாவா என்றது. சளி என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

இப்போது நின்றாலும் சத்தம். கொள்ளு வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு மூச்சு வாங்க நிறுத்துகிறான். டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொல்லி ஷாகுல் நச்சரிக்கிறான். சளிக்கு டாக்டர் எதற்கு? ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். கொஞ்சம் தேவலை என்று நினைக்கிறேன்.

தேவலை இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று கப்பல் செத்துப் பிழைத்தான்.

காலை எட்டு மணிக்குக் கொட்டடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு, முன்னங்கால்களை அகட்டி நின்றான். மூக்குத்துவாரம் இரண்டும் கிழிந்துவிடும்போல் விரிந்திருந்தது. நாக்கு நீலம். இழுக்கிறான், இழுக்கிறான், காற்று போகவில்லை. முட்டி மடிந்து சரிந்துவிட்டான். ஷாகுல் பைக்கில் போய் டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தான். டாக்டர் தமயந்தி, வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வந்ததும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கழுத்தின் நடுவில் மூச்சுக்குழாயைத் தடவிப் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, தோலை நெடுக்காகக் கீறினார். சதையை இரண்டு பக்கமும் விலக்கினார். உள்ளே வெள்ளையாக வளையம் வளையமாகத் தெரிந்தது. இரண்டு வளையத்துக்கு நடுவில் கத்தியை வைத்து வெட்டினார்.

காற்று உள்ளே பாய்ந்த சத்தத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

குதிரை அளவுக்குக் குழாய் அவர் பையில் இல்லை. ஷாகுல் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் ஒரு சாண் வெட்டிக் கொதிநீரில் போட்டு எடுத்துவந்து செருகினார்கள். டாக்டரம்மா குழாயை என்னிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தேன். "இப்படி ஆட்டினா உள்ள கிழிச்சுரும், வேற யாராச்சும் பிடிங்க" என்றார். ஷாகுல் பிடித்தான். அந்த நேரத்தில் யாருக்குத்தான் கை ஆடாது?

கால் மணி நேரத்தில் எழுந்து நின்றுவிட்டான். என்னைப் பார்த்துக் கனைக்க வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கழுத்து ஓட்டையிலிருந்து புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. அவனே பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான். நான் கொட்டடிக்குப் பின்னால் போய் அழுதேன்.

நவம்பர் 10, திங்கள்

டாக்டரம்மா இரும்புக் குழாய் ஒன்று தருவித்துப் பொருத்தினார். தினம் இரண்டு வேளை கழற்றி, வெந்நீரில் கழுவி, சளியைத் துடைத்துத் திரும்பச் செருக வேண்டும். ஓட்டையைச் சுற்றி வாஸ்லின். ஈ போகாமல் வலைத்துணி. கழுவிய நேரம், சளியின் நிறம், தின்ற அளவு எல்லாம் எழுதி வைக்கவும் சொன்னார். நோட்டு இருக்கிறது என்றேன்.

சாயங்காலம் கழற்றினேன். திரும்பச் செருக வரவில்லை. ஓரத்தில் இடித்து ரத்தம் வந்துவிட்டது. மூன்று முறை முயன்றேன். பிலோமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை அவளுக்கு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு குதிரையையும் தொட்டதில்லை, பயம். "தள்ளுங்க" என்று வந்து, குக்கருக்கு வெயிட் போடுகிற மாதிரி ஒரே தடவையில் செருகிவிட்டுப் போனாள். கப்பல் அசையவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

லாரியில் ஏற்றி, மலை இறங்கி, கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிலோமியும் டாக்டரம்மாவும் வந்தார்கள். மூக்கு வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, தொண்டையை டிவியில் காட்டினார்கள். இரண்டு கதவு மாதிரி இருக்கிறது. மூச்சு இழுக்கும்போது இரண்டும் விலகி வழிவிட வேண்டுமாம். கப்பலுக்கு இரண்டுமே நடுவில் தொங்கிக்கொண்டு அசையாமல் நின்றன.

அங்கே ஆபரேஷன் செய்கிற டாக்டர் பெரியவர், மெதுவாகப் பேசுகிறவர். பெரிய குதிரைகளுக்கு இடது கதவு மட்டும் செயலற்றுப்போவது உண்டு, இரண்டும் ஒன்றாகப் போவது அபூர்வம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கழுத்துல ஊசி கீசி போட்டீங்களா? அந்த நரம்பு ரெண்டும் கழுத்து வழியாத்தான் போகுது."

"இல்ல சார்."

"வீக்கம் ஏதாவது?"

"இல்ல சார்."

இரண்டு முறையும் பதில் தானாக வந்தது. என் வாயா என்று எனக்கே சந்தேகம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காரணம் தெரியாமல் நரம்பு செத்திருந்தால் காத்திருந்து பயனில்லை. கழுத்தைத் திறந்து, இடது கதவை ஒரு தடித்த நூலால் பின்னால் இழுத்துக் கட்டிவிட வேண்டியதுதான். காலத்துக்கும் திறந்தே இருக்கும். மூச்சு வரும். ஆனால் தின்பதும் குடிப்பதும் நுரையீரலுக்குள் நழுவலாம். நழுவி நிமோனியா வந்து இறந்த குதிரைகள் உண்டு. தீனியைத் தரையில் வைத்துத்தான் காட்ட வேண்டும். கனைப்பு போனால் போனதுதான்.

"ஊசியில வெந்து போனதுன்னா கதை வேற. இந்தக் குழாயோட ரெண்டு மூணு மாசம் விட்டுப் பார்ப்பேன், நரம்பு தானா உயிர் பிடிக்கலாம். கட்டிட்டா கட்டினதுதான்" என்றார்.

26ஆம் தேதி ஆபரேஷன்.

நவம்பர் 19, புதன்

காலை 6.30, மாலை 5. சளி வெள்ளை. கொள்ளு அரைப்படி. புல் ஒரு கட்டு.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்தி இல்லை. ஆனால் அந்த வார்த்தை ஏரிக்கரைக்கு வந்து சேர எத்தனை நேரம் ஆகும்? இன்னாசி கழுத்தில் ஊசி போட்டு, சொந்தக் குதிரையின் குரல்வளையை அவித்துவிட்டான். ஒரு பக்கமில்லை, இரண்டு பக்கமும் என்று பேசுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் ஊசி தப்பியதில்லை. நடு ராத்திரி வயிற்றுவலியில் புரளும் குதிரைக்கும் போட்டிருக்கிறேன், உதைக்கிற குதிரைக்கும் போட்டிருக்கிறேன். இன்னாசியண்ணன் கை வைத்தால் குதிரைக்கே தெரியாது என்பார்கள். என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சொல்லவே வேண்டாம்.

நவம்பர் 21, வெள்ளி

கப்பல் தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மிடறாகக் கழுத்தில் இறங்குவதைப் பார்த்தேன். ஒரு மிடறு தப்பினால் நுரையீரல். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு மிடறும். என்னால் முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று எழுதுவது பிலோமினாள். உங்கள் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது, டாக்டரம்மாவுக்குப் புரியாது என்று நான் எழுதலாம் என எடுத்தேன். காலை 6.30 கழுவினேன். சளியில் லேசாக மஞ்சள். நன்றாகத் தின்றான்.

போன வாரம் எத்தனை மணிக்குக் கழுவினோம் என்று பார்க்கப் பின்னால் புரட்டினேன். அக்டோபர் 16 வரைக்கும் புரட்டிவிட்டேன்.

கல்லூரி டாக்டர் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். இந்த நோட்டை நாளை தரும்படி டாக்டரம்மா கேட்டிருக்கிறார். நான் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன். நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் குழாய் கழுவுவது என் பொறுப்பு, மற்றபடி உங்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா தம் அறையில் வைத்து இரண்டு முறை படித்தார். அங்கே கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கழுத்தைத் திறந்திருப்பார்கள் என்றார். கல்லூரிக்குப் போன் போட்டு ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். பிறகு என்னோடு கொட்டடிக்கு வந்தார்.

"ரெண்டு பக்கமும் எப்படித் தப்பும்?"

"குதிரை தலையை ஆட்டிடுச்சு டாக்டரம்மா."

அப்போது பிலோமி குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஓட்டையோடு கப்பல் கல்லாக நின்றுகொண்டிருந்தான். டாக்டரம்மா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவனா?" என்றார்.

ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். ஞாயிறுதோறும் குழாயின் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூட வேண்டும். அப்போது குதிரை மூக்கு வழியாகத்தான் மூச்சுவிட்டாக வேண்டும். எத்தனை மூச்சு தாங்குகிறது என்று எண்ண வேண்டும். திணறினால் உடனே எடுத்துவிட வேண்டும். இருபது மூச்சு அமைதியாக விட்டால் அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் வந்து குழாயைத் தக்கையால் அடைத்து, ஒரு மணி நேரம் கூடவே நின்று பார்த்துவிட்டு, பிறகுதான் கழற்றுவாராம்.

நவம்பர் 30, ஞாயிறு

பிலோமி பூசைக்குப் போனபின் நானே மூடினேன். மூன்று மூச்சு. நான்காவதில் பின்னால் சாய்ந்துவிட்டான்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஐந்து.

டிசம்பர் 10, புதன்

மல்லிகா, ஷாகுலுடையது. காய்ச்சல். இடது கழுத்து. குதிரை தலையை ஆட்டிவிட்டது. ஊசி போட்ட இடத்தில் எலுமிச்சை அளவு வீக்கம். வடிந்துவிடும் என்று ஷாகுலிடம் சொன்னேன். நீ சொன்னால் சரி அண்ணே என்றான்.

குளிர் இந்த வருஷம் மோசம்.

டிசம்பர் 14, ஞாயிறு

எட்டு. எட்டு மூச்சு. கப்பலின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பன்னிரண்டு. நரம்பு உயிர் பிடிக்கிறது. கல்லூரி டாக்டர் சொன்னபடியே நடக்கிறது. பிலோமியிடம் சொன்னேன். ஒரு மாதமாகச் சாப்பாடு வைப்பது தவிரப் பேச்சில்லாமல் இருந்தவள், மெய்யாவா என்று கேட்டாள்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். கேக்கை நான் வெட்டவில்லை, பிலோமியே வெட்டினாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

பதினாறு.

ஜனவரி 4, ஞாயிறு

இருபது!

இரண்டாம் தடவையும் மூடிப் பார்த்தேன். இருபத்தொன்று. திணறல் இல்லை, கண்ணில் மிரட்சி இல்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

டாக்டரம்மா ஊருக்குப் போயிருக்கிறார். போனில் சொன்னேன். சந்தோஷம், ஆனால் வியாழக்கிழமை நான் வருகிறவரை எதையும் தொடாதீர்கள் என்றார். சரி என்றேன்.

வியாழக்கிழமை வரை எதற்கு? அவர் வைக்கப்போகும் தக்கையை நான் வைக்க முடியாதா? சவுக்குக் கட்டை ஒன்றைச் சீவிக் குழாய் வாய்க்குச் சரியாகத் தக்கை செய்துவிட்டேன். சீவும்போது கட்டைவிரலில் வெட்டு, ஆழமில்லை. நாளை காலை பிலோமி வேலைக்குப் போனதும் தக்கையை அடைத்து, கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போவேன். ஷாகுலையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வருவேன். என் குதிரை மூக்கால் மூச்சுவிடுவதை எல்லோரும் பார்க்கட்டும். அக்டோபர் பதினாறாம் தேதி நடந்தது ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும்.

ஜனவரி 5, திங்கள்

பிலோமி வேலைக்குக் கிளம்பும்போது என் விரல் கட்டைப் பார்த்தாள். பிறகு சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த தக்கையைப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டு, நானும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறேன் என்றாள்.

தேவையில்லை என்றேன். கொட்டடிக்குப் போய்விட்டாள்.

வலைத்துணியை விலக்கி உள்ளங்கையைக் குழாயில் வைத்து அழுத்தினாள். ஒண்ணு. ரெண்டு. மூணாவது மூச்சில் அந்த ரம்பச் சத்தம் கேட்டது. நான்கில் கண் வெளியே பிதுங்கியது, முன்னங்கால் தூக்கினான், தூணில் மோதி முட்டியிட்டு விழுந்தான். பிலோமி கையை எடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள். காற்று உள்ளே பாய்ந்தது. அதே சத்தம்.

நீ பயமுறுத்திவிட்டாய், பழகாத கை என்று கத்தினேன். அவன் ஆசுவாசமானதும் நான் போய் மூடினேன். ஐந்து, பத்து, பதினைந்து. அமைதியாக நின்றான். பார்த்தாயா என்றேன். பிலோமி பக்கத்தில் வந்து, என் கைக்கும் குழாய்க்கும் நடுவில் அவள் விரலை வைத்தாள். வைத்துக்கொண்டே நின்றாள்.

"காத்து போகுதுங்க" என்றாள். "உங்க கை ஆடுது. ஆடுற சந்துல மூச்சு விடுறான்."

நான் கையை எடுத்தேன். எடுத்த பிறகும் ஆடிக்கொண்டிருந்தது.

"எப்பலேருந்து இப்படி?"

"குளிரு."

"அடுப்படியிலயும் ஆடுதேங்க."

மூன்று, ஐந்து, எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபது. கப்பல் தேறவில்லை. ஒரு மூச்சுகூடத் தேறவில்லை. நான் எண்ணியது என் கையை. வாரத்துக்கு வாரம் அது மோசமாவதை எண்ணி, சந்தோஷப்பட்டு, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று அந்தத் தக்கையை அடைத்துவிட்டுப் போயிருந்தால், ஷாகுலோடு திரும்பி வரும்போது கட்டின கயிற்றில் பிணமாகத் தொங்கியிருப்பான்.

பிலோமி வேலைக்குப் போகவில்லை. தக்கையை அடுப்பில் போட்டாள்.

ஜனவரி 6, செவ்வாய்

ஊசிப்பெட்டியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா வந்ததும் நானே எல்லாம் சொல்கிறேன் என்று அங்கிருந்தவரிடம் சொன்னேன்.

அங்கிருந்து ஏரிக்கரை. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எனக்குக் கை நடுங்குகிறது, மூன்று நான்கு மாதமாகவே நடுங்குகிறது, கப்பலுக்கு ஆனது என்னால்தான், இனி யாரும் என்னிடம் குதிரை கொண்டுவரக் கூடாது என்றேன். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

ஷாகுல் மல்லிகாவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அந்த வீக்கம் வடிந்துவிட்டது. அவன் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மேட்டுல கூட்டிட்டுப் போய் மூச்சைக் கேளு ஷாகுலு. உள்ள இழுக்கும்போது கேளு. சத்தம் வந்தா ஒரு நாள்கூடத் தள்ளாத."

அவன் ஏறவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டுச் சாலையில் அவளோடு ஓடினான், தொண்டையில் காதை வைத்தபடியே. ஐம்பது வயதுக்காரன். திரும்பி வர அரை மணி ஆயிற்று. அதுவரை நான் அங்கேயே நின்றேன்.

"இப்போதைக்கு இல்ல" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

ஜனவரி 8, வியாழன்

டாக்டரம்மா வந்தார். எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையை வாங்கிப் பார்த்துவிட்டு, மனுஷ டாக்டரிடம் போங்கள், இதற்கு மருந்து இருக்கிறது, இவ்வளவு நாள் ஏன் விட்டீர்கள் என்றார். இனி பிலோமி மட்டுமே எண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 18, ஞாயிறு

பிலோமி எண்ணியது: நான்கு.

ஜனவரி 25, ஞாயிறு

நான்கு.

ஜனவரி 31, சனி

நான் சொல்லச் சொல்ல பிலோமி எழுதுகிறாள்.

நேற்று மறுபடியும் கல்லூரிக்குப் போனோம். கேமராவில் பார்த்தார்கள். வலது கதவு மூச்சிழுக்கும்போது லேசாகத் துடிக்கிறது, கண்ணிமை துடிக்கிற அளவு. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. வலது முழுசாகத் திரும்புமா என்று பெரிய டாக்டரால் சொல்ல முடியவில்லை. இன்னும் காத்திருந்தால் குழாய் வைத்த இடத்தில் மூச்சுக்குழாய் சுருங்கத் தொடங்கும் என்றார். பிப்ரவரி 11 அன்று இடது கதவை இழுத்துக் கட்டப்போகிறார்கள். பிழைப்பானா என்று கேட்டேன். இப்படிக் கட்டின குதிரைகளில் பாதிக்கு மேல் பிழைக்கும் என்றார். நான் அக்டோபரிலேயே கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். பிலோமி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பி வரும்போது லாரியில் அவனோடு பின்னால் உட்கார்ந்து வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். ஊசி போட்டவன் நான் என்று அவனுக்குத் தெரியும், அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

பெரிய டாக்டர் இந்த நோட்டின் நகல் கேட்டிருக்கிறார். ஆபரேஷனுக்கு முன்னால் முதலிலிருந்து படிக்க வேண்டுமாம். அதனால் அக்டோபர் 16 பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். குதிரை தலையை ஆட்டிவிட்டது என்று எழுதியிருப்பதை அடி என்றேன். இரண்டு இடத்திலும் அடித்தாள். மல்லிகாவின் பக்கத்திலும் அடித்தாள். என்ன எழுதட்டும் என்றாள். கை ஆடியது என்று எழுது என்றேன். எழுதினாள்.

"யாரு கைன்னு போடணுமா?" என்று கேட்டாள்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு சொல்லை மூன்று இடத்திலும் நானே எழுதினேன். வெகுநேரம் பிடித்தது. கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் 'என்' என்று படிக்க முடிகிறது.